படுக்கை என்று விற்றார்கள், நாற்காலியைக் கொடுத்தார்கள்

ஊர் திரும்பி ஒன்றரை மாதம் ஆகப் போகிறது. இன்னும் வயிறு எரிகிறது. யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்றால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிசினஸ் கிளாஸ்ல வந்துட்டு அப்புறம் என்ன குறை?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காலைத் தொங்கப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையாது. காலை நீட்டிப் படுத்துவிட்டால் ஒன்றும் இல்லை. ஹாங்காங்கில் மலைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய புத்தரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் பல வருஷத்து ஆசை. சரி, கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவு செய்தேன். இரண்டு வருஷம் சீட்டு கட்டி எடுத்த பணம். போகும்போது எகானமி. நாலு நாள் நடந்து களைத்துத் திரும்பும்போது மட்டும் பிசினஸ். எகானமி விலைக்கு மேல் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கோ லவுஞ்சுக்கோ அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. அம்மா காலை நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க ஹாங்காங்கில் எப்படி இருந்தோம் என்று சொல்கிறேன். சிம் ஷா சூய் பக்கம் ஒரு சின்ன விடுதி. பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் கட்டில்மேல் வைத்துத்தான் திறக்க வேண்டும், தரையில் இடம் கிடையாது. டாக்ஸியே எடுக்கவில்லை. ஹாங்காங் தீவு முழுக்க டிராமில்தான் சுற்றினோம். டிராம் அங்கே 1904 முதல் ஓடுகிறது, இப்போது இரண்டு மாடி வைத்தது, எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், மூன்று ஹாங்காங் டாலர் சொச்சம். பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் ஆக்டோபஸ் கார்டை, அதாவது முன்பணம் போட்டு வைக்கும் பயண அட்டையை, தட்டினால் போதும். ஊரை மேலிருந்து பார்க்கும் விக்டோரியா பீக் மலைக்கும் போனோம். மேகம் மூடியிருந்தது, அரை மணியில் இறங்கிவிட்டோம்.

புத்தர் இருப்பது லாண்டாவ் தீவில். 5.7 கிலோமீட்டர் கேபிள் கார், கீழே கடல், பச்சை மலை, தூரத்தில் விமான நிலையம். சிலை 34 மீட்டர் உயரம், 1993இல் முடித்தார்கள். ஏற வேண்டிய படிகள் 268. "நீ கீழேயே இரும்மா, நான் போட்டோ எடுத்துட்டு வர்றேன்" என்றேன். கேட்கவில்லை. இருபது படி ஏறுவார், உட்காருவார். மறுபடி இருபது. மேலே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கே நின்று கைகூப்பியபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் மறக்க மாட்டேன். இறங்கும்போதுதான் வலி பிடித்துக்கொண்டது. "பரவால்ல, போகும்போது பிளேன்ல படுத்துத் தூங்கிடுவேன்ல" என்று அவரே சொன்னார்.

அப்புறம் துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் ஃபெரி படகு. 1888இல் டோராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சிக்காரர் தொடங்கியது. அந்தப் படகில் மர இருக்கைகள், பலகையில் நட்சத்திர வடிவில் சின்னச் சின்னத் துளைகள். சாய்மானத்தைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளலாம். படகு எந்தக் கரையை நோக்கிப் போனாலும் நாம் போகிற திசையைப் பார்த்து உட்காரலாம். அம்மா அதை நாலு தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தார். கீழ்த்தளத்து டிக்கெட், சில டாலர்தான். அதற்குக்கூட என்ன சொன்னார்களோ அது கிடைத்தது.

நாங்கள் வாங்கியது வழியில் ஒரு ஊரில் விமானம் மாறும் டிக்கெட். இரண்டு விமானத்திலும் 180 டிகிரி சாய்ந்து படுக்கையாகும் இருக்கை என்று டிக்கெட் எடுக்கும்போதே காட்டினார்கள். போர்வை போர்த்திக்கொண்டு ஒரு பெண் தூங்குகிற படம். பெரிய ரக விமானம், ஏ330. இருக்கை வரைபடத்தைத் திறந்து பார்த்துத்தான் பணம் கட்டினேன். முதல் விமானம் பகலில். இருக்கை சொன்னபடியே இருந்தது. ஆனால் அம்மா படுக்கவே இல்லை. "வெளிச்சமா இருக்கு, கீழே எல்லாம் தெரியுது. ராத்திரி விமானத்துல படுத்துக்கிறேன்" என்று ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தார்.

அந்த ராத்திரி விமானத்தைத்தான் மாற்றிவிட்டார்கள்.

முன்கூட்டி ஒரு தகவல் இல்லை. கேட்டில் போர்டிங் பாஸைக் காட்டியபோது இயந்திரம் பீப் என்றது. வேறொரு சீட்டு அச்சாகி வந்தது, இருக்கை எண் மாறியிருந்தது. ஏன் என்றால், "ஆபரேஷனல் காரணம், விமானம் மாறியிருக்கிறது, நீங்கள் அதே பிசினஸ் கிளாஸில்தான் இருக்கிறீர்கள்" என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒற்றை நடைபாதை உள்ள சின்ன விமானம். இரண்டு இரண்டாக அகலமான நாற்காலிகள். முதுகு கொஞ்சம் சாயும், காலுக்குக் கீழே ஒரு பலகை பாதி உயரம் எழும்பி நின்றுவிடும். நல்ல சொகுசு பஸ்ஸில் இருக்கிற நாற்காலி மாதிரி.

அம்மாவுக்குக் கால் அந்தப் பலகையில் நிற்கவில்லை, வழுக்கிக் கீழே தொங்கியது. பணிப்பெண்ணிடம் தலையணை கேட்டேன். பாவம், அந்தப் பெண் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தலையணையும் நழுவியது. கடைசியில் என் கைப்பையைக் கீழே நிறுத்தி, அதன்மேல் போர்வையை மடித்துப் போட்டு, அம்மாவின் காலைத் தூக்கி வைத்தேன். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நாலு மணி நேரம் அம்மா கண் மூடவில்லை. "விடுடி, நல்லாத்தான் இருக்கு, சாப்பாடு எவ்வளவு வகை பாரு" என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தார். அந்த வார்த்தைதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. பணம் கொடுத்தவர்கள் நாங்கள், பொறுத்துக்கொள்பவர்களும் நாங்களா? சென்னையில் இறங்கும்போது கணுக்கால் இரண்டும் உப்பிப் போய் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த விமானத்தில் கொடுத்த துணிச் செருப்போடுதான் வெளியே வந்தார்.

"நாலு மணி நேரம்தானே" என்கிறார்கள். 268 படி ஏறி இறங்கிய முழங்காலுக்கு நாலு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அந்த முழங்காலைக் கேட்க வேண்டும். அதுவும் நாலு மணி நேரம் படுக்கலாம் என்று சொல்லித்தானே காசு வாங்கினீர்கள்?

புகார் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நான் வாங்கிய வகுப்பிலேயே பயணம் செய்திருக்கிறேனாம், விமானத்தின் ரகம் மாறலாம் என்று நிபந்தனைகளில் இருக்கிறதாம், அதனால் திருப்பித் தர ஒன்றும் இல்லையாம். என் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள். மறுபடி எழுதினேன், அதே பத்தி வந்தது. மூன்றாவது தடவையும் ஒரு எழுத்து மாறவில்லை.

விமானம் பழுதாகும், மாற்ற வேண்டி வரும், அது எனக்கும் தெரியும். பாதுகாப்புக்காக மாற்றினால் நன்றி சொல்வேன். ஆனால் மாற்றிய பிறகு விலை மட்டும் எப்படி மாறாமல் நிற்கிறது? ரயிலில் ஏசி பெட்டியில் ஏசி வேலை செய்யவில்லை என்றால், ஏசி கட்டணத்துக்கும் சாதாரணக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு வாங்கலாம். மேல் வகுப்பு டிக்கெட்டை வைத்துக்கொண்டு கீழ் வகுப்பில் போக நேர்ந்தால் டிடிஇயிடம் சான்று வாங்கி மிச்சப் பணத்தைப் பெறலாம். அலைய விடுவார்கள், தாமதமாகும், ஆனாலும் கேட்க ஒரு வழி இருக்கிறது. ரயிலைக் குறை சொல்லியே வளர்ந்த நமக்கு, லட்ச ரூபாய் டிக்கெட்டில் அந்த வழிகூட இல்லை.

விமானத்துக்கும் விதி இருக்கிறது, இல்லாமல் இல்லை. 2023 பிப்ரவரி 15 முதல் நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வாங்கிய வகுப்பிலிருந்து கீழே இறக்கினால் வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். உள்நாட்டில் 75. நல்ல விதிதான். ஆனால் அது பார்ப்பது வகுப்பின் பெயரை. படுக்கையை எடுத்துவிட்டு நாற்காலியைப் போட்டு, அதற்கும் பிசினஸ் என்றே பெயர் வைத்துவிட்டால் அந்த விதி அவர்களைத் தொடாது. இதைத்தான் அவர்கள் மூன்று மடலிலும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்: அதே வகுப்பு, அதே வகுப்பு. வகுப்பின் பெயர்மேலா அம்மா காலை நீட்டுவார்?

டிக்கெட் விற்கும் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது என்ன? 180 டிகிரி. எத்தனை அங்குல நீளம், எத்தனை அங்குல அகலம். படமும் இருக்கைதான், விளம்பரமும் இருக்கைதான். அதைக் காட்டி ஆசை வார்த்தை பேசிப் பணத்தை வாங்கிவிட்டு, பிரச்சினை வந்ததும் "இருக்கைக்கு உத்தரவாதம் இல்லை" என்று எங்கோ அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைக் காட்டினால் அதற்குப் பெயர் ஏமாற்று. வேறு மென்மையான சொல் எனக்குத் தெரியவில்லை. இருக்கைக்கு உத்தரவாதம் இல்லை என்றால் அதையும் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடுங்கள். பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

யாராவது இப்படி டிக்கெட் எடுத்திருந்தால், எடுத்த அன்றே இருக்கை வரைபடத்தைப் படம் பிடித்து வையுங்கள், விமான ரகத்தின் பெயரோடு. கிளம்புவதற்கு முந்தைய வாரம் திரும்பத் திறந்து பாருங்கள். ஒரு வரிசையில் இருக்கைகள் ஒன்று-இரண்டு-ஒன்று என்று இருந்தது இரண்டு-இரண்டு என்று ஆகியிருந்தால், விமானம் மாறியிருக்கிறது என்று அர்த்தம், அப்போதே கூப்பிட்டு வேறு நாள் விமானம் கேளுங்கள். நான் எடுத்த அன்று பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை. பணம் கட்டியவர் தினமும் போய்க் காவல் காக்க வேண்டியிருப்பது அநியாயம்தான், ஆனாலும் பாருங்கள்.

நேற்று நாலாவது மடல் அனுப்பினேன். இந்தத் தடவை மூன்று படம் சேர்த்திருக்கிறேன்: அவர்கள் காட்டிய படுக்கை, அவர்கள் கொடுத்த நாற்காலி, சென்னையில் இறங்கியதும் எடுத்த அம்மாவின் கால். மன்னிப்போ பாயிண்ட்ஸோ வேண்டாம், படுக்கைக்கும் நாற்காலிக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் அடுத்து நுகர்வோர் ஆணையம். மனு எழுதி வைத்துவிட்டேன்.