கார் ஓட்ட முடியாத வயதில் எந்த ஊர்?

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதே பேச்சுதான். இவருக்கு அடுத்த வருடம் 65, எனக்கு 61. நியூ ஜெர்சிக்கு வந்து 27 வருடம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், நாலு பெட்ரூம் வீட்டில் இரண்டே பேர் இருந்துகொண்டு வருடத்துக்கு 14,000 டாலர் சொத்து வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். எங்கேயாவது போயாக வேண்டும். எங்கே?

வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு ஒரு பட்டியல் வருகிறது, ரிடையர் ஆனவர்களுக்கு அமெரிக்காவில் சிறந்த பத்து ஊர், இருபது ஊர் என்று. ஸ்டேட் டாக்ஸ் இல்லை, குளிர் இல்லை, வீடு மலிவு. நம்மவர்கள் அதில் கோவிலையும் இந்தியன் கிராசரியையும் சேர்த்துக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு வைத்திருந்தோம். போன அக்டோபரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகு அதை மொத்தமாக அழித்துவிட்டு வேறு மாதிரி போட ஆரம்பித்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் என்றால் பெரியம்மா மகன். 2016இல் ரிடையர் ஆகி இங்கிருந்து டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகருக்குப் போனார். அவர் அன்றைக்குப் போட்ட கணக்கில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. சொத்து வரி அதிகம்தான், ஆனால் 65 ஆகிவிட்டால் குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வரியில் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் பங்கை அதற்கு மேல் ஏறாமல் நிறுத்திவிடுவார்கள். இங்கே வீடு விற்ற காசில் பாதிக்கு அங்கே புது வீடு கிடைத்தது, பத்து நிமிடத்தில் கோவில், ஊர் முழுக்க நம் ஆட்கள். ஏழு வருடம் நிம்மதியாக இருந்தார்கள். அப்புறம் அண்ணனுக்கு விழித்திரையில் கோளாறு வந்து, நேர்ப் பார்வை மங்கிப்போய், இனிமேல் காரைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி கார் ஓட்டப் பழகவே இல்லை.

நான் போன அன்று காலையில் அண்ணன் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய வேட்டித் துணி, ஒரு வாளித் தண்ணீர். ஒரு வருடமாக எடுக்காத கார், முன் டயர் இரண்டும் காற்று இறங்கிக் கிடந்தது. பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், என்ன தெரிந்ததோ. "வித்துடலாமேண்ணா" என்றேன். "இருக்கட்டும்மா, யாராவது வந்தா எடுத்துட்டுப் போகலாம்ல" என்றார்.

உள்ளே ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அண்ணியின் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை பால் வாங்கித் தர எதிர் வீட்டுப் பையன், வியாழக்கிழமை மருந்துக்கு ஒருவர், சனிக்கிழமை கோவிலுக்கு ஒரு குடும்பம் என்று ஆள் ஆளாக எழுதி ஃபோன் நம்பர் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு பெயர் கோடு போட்டு அடித்திருந்தது. வேலை மாறி ஊரை விட்டுப் போய்விட்டார்களாம். "எல்லாரும் தங்கமானவங்கதாம்மா. ஆனா ஒரு கட்டு கொத்தமல்லிக்கு யாரைக் கூப்பிடறது, சொல்லு" என்றார்கள். நாற்பது வருடம் கூட்டுக் குடும்பத்தையும் சேர்த்துக் கட்டி மேய்த்த மனுஷி, கொத்தமல்லி இல்லாமல் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்தே போய்ப் பார்ப்போமே என்று நானும் அண்ணியும் கிளம்பினோம். குடியிருப்புக்குள்ளே நடைபாதை அழகாகப் போட்டிருக்கிறார்கள், மரம், பெஞ்சு எல்லாம் உண்டு. வாசலைத் தாண்டினால் ஆறு வழிச் சாலை. கடை அந்தப் பக்கம், ஒன்றரை மைல். சிக்னலில் நடக்கும் உருவம் வெள்ளையாக வந்து நாங்கள் பாதி ரோடு கூடத் தாண்டவில்லை, சிவப்புக் கை மின்ன ஆரம்பித்துவிட்டது. அண்ணிக்கு முட்டிவலி. நடுவில் மீடியனில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள், இரண்டு பக்கமும் பிக்கப் ட்ரக்குகள் சர் சர்ரென்று போகின்றன. அடுத்த சிக்னலில் வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

ஆன்லைனில் ஆர்டர் செய்யலாமே, ஊபர் இருக்கிறதே என்று சொல்வீர்கள். செய்கிறார்கள். வீட்டுக்குச் சாமான் வரும், மனுஷர் வெளியே போவது எப்படி? ஒவ்வொரு தடவையும் ஊபருக்குப் போக வர நாற்பது டாலர் ஆகும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? வெளியே போவதையே நிறுத்திவிடுவார்கள். அண்ணி நிறுத்திவிட்டார்கள்.

இந்த நாட்டில் ஒருவர் பாதுகாப்பாகக் கார் ஓட்டக்கூடிய வயதைத் தாண்டிச் சராசரியாக 7 முதல் 10 வருடம் உயிரோடு இருக்கிறார் என்று டிரிபிள்-ஏ என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பத்து வருடம்! ஓய்வுக்காலத்தில் கிட்டத்தட்ட பாதி. நாம் ஊர் தேடுவதோ 65 வயதில், கைகால் நன்றாக இருக்கும்போது, வாடகைக் காரில் சுற்றிப் பார்த்துக்கொண்டு. அந்த 65 வயது ஆளுக்குத்தான் ஊர் தேர்ந்தெடுக்கிறோம். 80 வயதில் அதே வீட்டில் உட்கார்ந்திருக்கப்போகிற ஆளை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

அதனால் இப்போது எங்கள் ஷீட்டில் முதல் கேள்வி இது: கார் இல்லாமல் இந்த வீட்டிலிருந்து பால், மருந்து, டாக்டர், நூலகம் போக முடியுமா?

தேடத் தேட ஒரு விஷயம் தெரிந்தது, நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், ஏ.டி.ஏ. என்கிறார்களே, அதன்படி ஒரு ஊரில் வழக்கமான பஸ் ஓடினால், அந்தத் தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள் இருக்கிற, உடல்நிலையால் அந்தப் பஸ்ஸில் போக முடியாதவர்களுக்குத் தனி வண்டி அனுப்பியே ஆக வேண்டும். பாராட்ரான்ஸிட் என்று பெயர். பஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது. முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், வண்டி தாமதமாக வரும், அதெல்லாம் உண்டு. ஆனாலும் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறவருக்கு அதுதான் உயிர். இந்த உரிமை பஸ் தடத்தோடு ஒட்டியது. பஸ்ஸே இல்லாத ஊரில் இதைக் கேட்க முடியாது, அந்த ஊராகப் பார்த்து ஏதாவது வேன் விட்டால்தான் உண்டு. டாலஸுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டன், கிட்டத்தட்ட நாலு லட்சம் பேர் இருக்கும் நகரம், அங்கேயே வழக்கமான பஸ் கிடையாது, கூப்பிட்டால் வரும் வேன்கள்தான். ஆகவே நீங்கள் ஒரு நாளும் பஸ் ஏறப் போவதில்லை என்றாலும் பஸ் தடத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்குங்கள். ரியல் எஸ்டேட் ஏஜெண்ட் இதைச் சொல்ல மாட்டார். அந்த ஊர் பஸ் வரைபடத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

சரி, வெயில் விஷயத்துக்கு வருகிறேன். குளிர் தாங்காது, அதனால் அரிசோனா, ஃப்ளோரிடா என்கிறார்கள். ஃபீனிக்ஸில் 2023இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் அடித்தது. அந்த வருடம் மட்டும் ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். பனியில் நாலு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதற்கும் ஏ.சி.யில் நாலு மாதம் அடைந்து கிடப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கலிபோர்னியாவில் பாரடைஸ் என்று ஒரு சின்ன ஊர், மலைப்பக்கம், அமைதி, மற்ற இடத்தை விட வீடு மலிவு என்று ரிடையர் ஆனவர்கள் நிறையக் குடியேறிய ஊர். 2018 நவம்பர் 8ஆம் தேதி காட்டுத்தீயில் ஒரே நாளில் ஏறக்குறைய முழுதும் எரிந்தது, 85 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலோர் வயதானவர்கள். வெளியே போகும் சாலைகள் சில, எல்லாம் காரால் அடைத்துக்கொண்டன. வட கரோலினாவில் இருக்கும் ஆஷ்வில் எங்கள் பழைய ஷீட்டில் இரண்டாம் இடத்தில் இருந்தது. கடலிலிருந்து தூரம், மலை, மிதமான குளிர். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் மழை அங்கே போய்க் கொட்டி, குழாயில் குடிக்கும் தண்ணீர் திரும்பி வர 53 நாள் ஆனது. ஆபத்தே இல்லாத ஊர் கிடையாது, அது புரிகிறது. ஆனால் எழுபத்தெட்டு வயதில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டிய ஊரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஃப்ளோரிடாவில் வரி இல்லை என்கிறவர்கள் வீட்டு இன்சூரன்ஸ் என்ன ஆகிறது என்று அங்கே இருக்கும் நண்பர்களிடம் கேளுங்கள். காண்டோ, அதாவது அடுக்குமாடியில் சொந்த வீடு, வாங்குகிறவர்கள் கட்டடத்தின் வயதையும் கேளுங்கள். 2021இல் சர்ஃப்சைடில் அடுக்குமாடி இடிந்து 98 பேர் இறந்த பிறகு, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய காண்டோக்களைச் சோதனை செய்ய வேண்டும், பழுதுபார்க்கத் தனியாக நிதி சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம்தான், ஆனால் பென்ஷனில் இருக்கிறவர்களுக்கு மாதக் கட்டணம் எகிறியிருக்கிறது. இன்னொரு பக்கம், நம் சாப்பாடு, நம் பண்டிகை, நம் வயதுக்காரர்கள் வேண்டும் என்று ஃப்ளோரிடாவின் டவாரஸில் இருக்கும் சாந்திநிகேதன் மாதிரி இந்தியர்களுக்கான குடியிருப்புகளுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். கூப்பிட்டால் வர ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஃப்ரிட்ஜ் தாளைப் பார்த்தவளுக்குத் தெரியும்.

மெடிகேர், அதாவது 65 ஆனவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு, அதைப் பற்றி இரண்டு வார்த்தை. தனியார் கம்பெனிகள் வழியாக அதை எடுக்கும் அட்வான்டேஜ் பிளான் எல்லாம் கவுண்டி கணக்கில்தான், பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்து டாக்டர்களோடு முடிந்துவிடும். ஆறு மாதம் ஒரு மாநிலம், ஆறு மாதம் பிள்ளை வீடு என்று இருக்கப் போகிறவர்கள் அரசாங்கமே நடத்தும் ஒரிஜினல் மெடிகேரும், அது கொடுக்காமல் விடும் செலவுக்கான துணைக் காப்பீடான மெடிகேப்பும் எடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். 65 வயதில் மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி ஆரம்பிக்கும்போது முதல் ஆறு மாதத்துக்குள் கேட்டால் எந்த வியாதியைச் சொல்லியும் மெடிகேப்பை மறுக்க முடியாது. அதை விட்டுவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, பெரும்பாலான மாநிலங்களில் உடம்பைப் பற்றிக் கேட்டு மறுக்கலாம். குளிப்பாட்டி விட, சாப்பாடு ஊட்ட ஆள் வைப்பதற்கு மெடிகேர் நீண்ட காலம் பணம் தராது, இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் பக்கத்தில் போய்விடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். போனோம் என்றால் அடுத்த லே-ஆஃபில் மகன் சியாட்டிலுக்குப் போவான், நாங்கள் அங்கேயே கிடப்போம். அவன் வாழ்க்கையை எங்கள் வீட்டு முகவரியோடு கட்டிப்போட எனக்கு மனசில்லை.

இப்போது எங்கள் ஷீட்டில் மேலே இருப்பது எந்தப் பட்டியலைப் பார்த்தபோதும் எனக்குத் தோன்றாத ஊர், பென்சில்வேனியாவில் இருக்கும் பிட்ஸ்பர்க். அதுவும் அந்த ஊரில் ஸ்குவிரல் ஹில் என்கிற பகுதி. ஃபோர்ப்ஸ், மர்ரே என்கிற இரண்டு தெருக்களும் சேரும் முனையில் நூலகம், அதே தெருவில் கடைகள், வாசலிலேயே பஸ். பெரிய மருத்துவமனைகள் பக்கம். பென்சில்வேனியாவில் 65 ஆனவர்களுக்கு ஊர் பஸ் இலவசம், லாட்டரிப் பணத்தில் அதைக் கொடுக்கிறார்கள். இவருக்கு அடுத்த வருடமே கார்டு கிடைத்துவிடும், நான் நாலு வருடம் காசு கொடுத்துப் போக வேண்டும். ரிடையர் ஆன பின் எடுக்கும் 401கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்துக்கும், அரசாங்கம் தரும் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கும் அந்த மாநிலம் வரி போடுவதில்லை. பிள்ளைகளுக்குப் போகும் சொத்தில் 4.5 சதவீதம் வாரிசு வரி உண்டு, அது பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டோம். பக்கத்தில் பென் ஹில்ஸில் இருக்கும் வெங்கடேஸ்வரர் கோவில் எழுபதுகளில் கட்டியது, என் மகளுக்கு அங்கேதான் காது குத்தினோம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஊரே மேடும் பள்ளமும், பாதி வீட்டுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும், படி இல்லாத வீடு தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குளிர் இங்கே மாதிரியேதான். வெயில் முகம் காட்டாத நாட்கள் இதைவிட அதிகம். 2025இல் பணம் இல்லை என்று பஸ் சேவையைப் பெரிய அளவில் வெட்டப் போவதாக அறிவித்தார்கள், கடைசியில் தள்ளிப்போனது. எனக்கு இருக்கும் பெரிய பயம் அதுதான், பஸ்ஸை நம்பிப் போய் பஸ்ஸே நின்றுவிட்டால்?

வீட்டை விற்பதற்கு முன்னால் பிப்ரவரியில், நல்ல பனியில், ஒரு மாதம் அங்கே வாடகைக்கு இருந்து பார்க்கப் போகிறோம். காரை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம். அண்ணனையும் அண்ணியையும் ஒரு வாரம் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன், அண்ணி வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள், அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒன்று சொல்லுங்கள்: பனி கொட்டின மறுநாள் காலையில் மர்ரே அவென்யூவில் நடைபாதையை எத்தனை மணிக்குள் சுத்தம் செய்கிறார்கள்? முட்டிவலிக்காரர்கள் நடக்க முடியுமா?