டீர் மவுஸ் வளர்த்து விற்க நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவிலும் கனடாவிலும் பாம்பு வளர்க்கிறவர்கள் மத்தியில் டீர் மவுஸைப் பாம்புத் தீனியாக வளர்த்து விற்கும் பேச்சு அடிக்கடி வருகிறது. பழுப்பு முதுகு, பால்வெள்ளை வயிறு, பெரிய கண், இரண்டு நிற வால் கொண்ட அந்த நாட்டுக் காட்டெலிதான். என் கருத்து இது: சின்ன அளவில், தேவைப்படுகிற ஆளுக்கு மட்டும் என்றால் செய்யலாம். வெள்ளைச் சுண்டெலிக்குப் போட்டியாக இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். ஷெட்டில் பொறிவைத்துப் பிடித்த ஜோடியோடு ஆரம்பிப்பதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். 1993ல் நியூ மெக்ஸிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா சேரும் பகுதியில் திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத்திணறிச் செத்தார்கள். காரணம் சின் நோம்ப்ரே என்ற ஹன்டாவைரஸ். அதைச் சுமப்பது டீர் மவுஸ். நோய் வந்த மனிதர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறக்கிறார்கள், எலிக்கோ ஒன்றுமே ஆவதில்லை. அதனால் 'ஆரோக்கியமாகத்தான் இருக்கு' என்று விற்பவர் சொல்வதற்கு இங்கே அர்த்தமே கிடையாது. ஆண்கள் கடித்துக்கொள்ளும்போது வைரஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். காய்ந்த மூத்திரமும் புழுக்கையும் தூசியாகி நம் மூச்சில் ஏறும். உறைய வைத்தாலும் வைரஸ் சாகும் என்று நம்ப முடியாது, ஆகவே ஃப்ரீசர் பாக்கெட்டும் பாதுகாப்பு இல்லை. 2017ல் விஸ்கான்சின், இல்லினாய் வளர்ப்பாளர்களிடமிருந்து சியோல் என்ற இன்னொரு ஹன்டாவைரஸ் பல மாநிலங்களுக்குப் பரவியது சாதாரண வளர்ப்பு எலிகள் வழியாகத்தான். (நம்ம ஊருக்கும் இதில் பங்குண்டு: 1964ல் வேலூர் தொட்டப்பாளையத்தில் ஒரு மூஞ்சுறுவில் கண்டெடுத்ததும் ஹன்டாவைரஸ்தான்.)

ஆகவே கூண்டில் பல தலைமுறை பிறந்து, ரத்தத்தில் ஹன்டா ஆன்டிபாடி (வைரஸ் தொற்றியதன் அடையாளம்) இல்லை என்று சோதித்த வம்சம் மட்டுமே வாங்குங்கள். அப்படி வம்சம் இருக்க முடியாது என்பதில்லை. தென் கரோலினா பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக வளர்க்கும் டீர் மவுஸ் வம்சம் ஒன்று, மிச்சிகனில் ஆன் ஆர்பர் பக்கம் பிடித்த சுமார் 40 எலிகளிலிருந்து 1948 முதல் வெளி ரத்தம் கலக்காமல் வருகிறது. வளர்க்கும் அறைக்குள் வெளி எலி நுழையாதபடி ஓட்டைகளை அடைப்பதும் உங்கள் வேலை. உள்ளூர்க் காட்டுயிர் என்பதால், வளர்க்கவும் விற்கவும் அனுமதி வேண்டுமா என்று மாநில வனவிலங்குத் துறையிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி கணக்கு. வெள்ளைச் சுண்டெலி ஒரு ஈற்றில் எட்டு, பத்து குட்டி போடும். ஒரு ஆணோடு இரண்டு மூன்று பெண்களை விடலாம். டீர் மவுஸ் மூன்று முதல் ஐந்துதான் போடும், அதுவும் ஒரு தொட்டிக்கு ஒரு ஜோடி. இருக்கிற பெண்ணின் தொட்டியில் இன்னொரு பெண்ணைப் போட்டால் சண்டை. தீனியும் இடமும் அதே செலவு, வரவு பாதிகூட இல்லை. அப்புறம் ஏன்? மலை கிங்ஸ்னேக், ரப்பர் போவா மாதிரி, வெள்ளை எலிக்குஞ்சை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் பாம்புகள் சில இதன் வாசனைக்கு வாய் திறக்கும். சந்தை அவ்வளவுதான். பலருக்கு உறைந்த குஞ்சு ஒன்றே போதும், வெள்ளைக் குஞ்சின் மேல் தேய்த்துக் கொடுக்க.

ஜோடி சேர்க்கும்போது இரண்டுக்கும் புதிதான, சுத்தமான தொட்டியில் ஒன்றாக விடுங்கள். மூடி கால் அங்குல இரும்பு வலை, கிளிப் போட்டது. ஆஸ்பென் மரச் சீவல், கூடு கட்டப் பஞ்சு, ஒரு சின்ன மரப்பெட்டி. தேவதாரு சீவல் ஆகாது. டைமரில் 16 மணி நேரம் விளக்கு எரிய வேண்டும். குளிர்காலத்தில் 'திடீரென்று குட்டியே இல்லை' என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விளக்கைத்தான், பகல் சுருங்கினால் பல எலிகளுக்கு இனப்பெருக்கமே நின்றுவிடும். கர்ப்பம் 23 நாள் போல. பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினை பிடித்தால் நாலு வாரம்வரை இழுக்கும். முந்தைய குட்டிகளை 21 முதல் 25 நாளுக்குள் பிரித்துவிடுங்கள், தாமதித்தால் புதுக் குஞ்சுகள் மிதிபடும்.

கூட்டைக் கிளறும்போதுதான் அதிக நஷ்டம். தாய் பயந்து ஓடும்போது குஞ்சுகள் முலையைக் கவ்வியபடி தொங்கிக்கொண்டே இழுபடும், சில வழியில் சீவலுக்குள் விழுந்து குளிரில் விறைத்துப்போகும். ஈன்ற முதல் வாரம் தண்ணீரும் தீனியும் தவிர எதற்கும் மூடியைத் திறக்காதீர்கள். சுத்தம் செய்யும் நாளில் பழைய பஞ்சில் ஒரு பிடி திரும்ப வையுங்கள். தொட்டியைத் திறப்பதே ஆழமான பெரிய டப்பாவுக்குள் வைத்துத்தான், எலி ஸ்பிரிங் மாதிரி எகிறும். டம்ளரால் மொண்டு எடுங்கள். வாலைப் பிடித்தால் தோல் உறை மாதிரி உருவிக்கொண்டு வரும்.

செல்லப்பிராணியாக விற்பதில் எனக்கு அவ்வளவு ஆட்சேபம் இல்லை. நாற்றம் குறைவு, சுண்டெலியைவிட நீண்ட ஆயுள். ஆனால் கையில் வைத்துக் கொஞ்சுகிற பிராணி இல்லை, ராத்திரி பார்த்து ரசிக்கிற பிராணி. அதை வாங்குகிறவரிடம் சொல்லாமல் விற்பது ஏமாற்று. சின்னத் தொட்டியில் சுழல்சக்கரமும் ஒளிய இடமும் இல்லாமல் போட்டால் மூலையில் நின்று மணிக்கணக்கில் குட்டிக்கரணம் அடிக்கும். பலர் அதை விளையாட்டு என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அது அடைபட்ட தவிப்பு.

தீவனத்துக்கென்றால் பாம்புக்கு உயிரோடு போடாதீர்கள், இது திருப்பிக் கடிக்கும். கார்பன் டை ஆக்சைடால் கொல்வதென்றால் மெதுவாகத்தான் நிரப்ப வேண்டும். பத்து நாளுக்கு உட்பட்ட குஞ்சுகள் அந்த வாயுவை நெடுநேரம் தாங்கும், அசைவு நின்றதும் ஃப்ரீசரில் போட்டால் உள்ளே விழித்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு என்ன முறை என்று கால்நடை மருத்துவரிடம் நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். தொட்டி கழுவ ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ஐந்து நிமிடம் ஊறட்டும், பிறகு துடையுங்கள். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டுவதும் வேக்யூம் போடுவதும் கூடவே கூடாது.