பழைய மொபைல் ரிக் வாங்குகிறீர்களா? டம்மி லோடில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்

புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் எடுத்த தம்பி தங்கைகள் காரில் வைக்கும் பழைய ரேடியோ செட்டைக் காட்டி, அதாவது மொபைல் ரிக்கைக் காட்டி, என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, இந்த செட்டை வாங்கலாமா?" கூடவே வாட்ஸாப்பில் ஒரு படம் வரும். டிஸ்ப்ளே எரியும், மேல்மூடி பளபளவென்று இருக்கும். விற்பவர் என்ன சொன்னார் என்று கேட்டால், "ரிசீவிங் சூப்பரா இருக்காம்" என்பார்கள்.

ரிசீவிங் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மொபைல் செட்டில் அடி வாங்குவது டிரான்ஸ்மிட்டர் பக்கம். காருக்குள் வெயிலில் வெந்து, சரியில்லாத ஆன்டெனாவில் முழுப் பவர் கொடுத்து, ஆன்டெனாவுக்குப் பவர் கொடுக்கும் கடைசிக் கட்டமான ஃபைனல் டிரான்சிஸ்டர்தான் முதலில் களைத்துப் போகும். அதைப் படத்தில் பார்க்க முடியாது. பவர் மீட்டரும், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் டம்மி லோடும் வைத்து, மைக்கில் பேச அழுத்தும் பிடிடி பொத்தானை அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

"போட்டுக் காட்டச் சொன்னாயா?" என்று கேட்டால் தயங்குகிறார்கள். "அவர் சீனியர் அண்ணா, நம்பலைன்னு நினைச்சிடுவார்." இந்தத் தயக்கம்தான் எனக்கு வருத்தம். நம் வட்டத்தில் மூத்தவர்கள் மேல் மரியாதை உண்டு, அது நல்ல விஷயம். ஆனால் பழைய பைக்கைக்கூட ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. அதே பணத்தை ரேடியோவுக்குக் கொடுக்கும்போது மட்டும் சோதித்துப் பார்ப்பது எப்படி அவமரியாதை ஆகும்? நல்ல சீனியர் என்றால் கேட்பதற்கு முன்பே மீட்டரை எடுத்து மேசையில் வைப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் கூரியரில் ஒரு 2 மீட்டர் பேண்ட் செட் வாங்கினார். 50 வாட் தர வேண்டிய செட். சிக்னலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் எட்டவில்லை. ஆன்டெனாதான் சரியில்லை என்று அதை இறக்கி ஏற்றினார், கோஆக்ஸ் கேபிளை மாற்றினார், கனெக்டரை மறுபடி சால்டர் செய்தார். கடைசியில் மீட்டரில் போட்டால் 7 வாட். விற்றவருக்கு அது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அந்தப் பையனுக்கு ரேடியோ மேல் இருந்த ஆசையே பாதி போய்விட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? யேசு கம்பெனியின் எஃப்டி-857டி மாதிரி செட் என்றால் எச்எஃப் (தூரம் போகும் ஷார்ட்வேவ்) பேண்டுகளிலும் 6 மீட்டரிலும் 100 வாட், 2 மீட்டரில் 50, 70 சென்டிமீட்டரில் 20 வர வேண்டும். ஐகாமின் ஐசி-706எம்கே2ஜி-யும் அதே கணக்குதான். ஒவ்வொரு பேண்டிலும் போட்டுப் பாருங்கள். ஒரு பேண்டில் நன்றாக வந்து இன்னொன்றில் விழுவது சகஜம். 2 மீட்டரில் எஃப்எம்-இல் வைத்து, பேசாமல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். 50-இல் தொடங்கிய முள் சூடேற ஏற முப்பது, இருபது என்று இறங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். சப்ளையையும் கவனியுங்கள். 100 வாட்டில் இந்த செட்கள் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பலமில்லாத எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையை மாட்டி செட்டைக் குறை சொல்லக் கூடாது.

கண்ணால் பார்க்க வேண்டியதும் உண்டு. மூடியின் ஸ்க்ரூ தலை மழுங்கியிருந்தால் உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஃப்யூஸ் ஹோல்டர் பழுப்பேறி உருகியிருந்தால் லூஸ் காண்டாக்டில் ஓடியிருக்கிறது. 857-இன் டிஸ்ப்ளேயில் கோடு கோடாக விழுவது அந்த மாடலின் தெரிந்த வியாதி, அதனால் செட் நன்றாகச் சூடான பிறகு டிஸ்ப்ளேயை மறுபடி பாருங்கள். மைக் அந்த செட்டின் மைக்தானா என்றும் பாருங்கள். யேசுவிலும் ஐகாமிலும் ஒரே மாதிரி பிளக் இருக்கும், உள்ளே வயரிங் வேறு.

ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் வந்தால் இன்னும் கவனம். அங்கே நான்காம் வகுப்பு லைசென்ஸுக்கு எச்எஃப்-இல் 10 வாட், 2 மீட்டர் மாதிரி விஎச்எஃப் பேண்டுகளில் 20 வாட்தான் அனுமதி. அதற்காகவே குறைந்த பவர் மாடல்களைத் தனியாக விற்றார்கள். வெளியே பார்க்க அச்சு அசல் அதே செட். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

"வைட் ஓப்பன் பண்ணியது", அதாவது ஹாம் பேண்டுக்கு வெளியேயும் டிரான்ஸ்மிட் ஆகும்படி மாற்றியது, என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் நான் வாங்க மாட்டேன். நம் நாட்டில் நமக்கு 2 மீட்டரில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 70 சென்டிமீட்டரில் 434 முதல் 438. அதற்கு வெளியே டிரான்ஸ்மிட் ஆகும் செட்டால் நமக்கு ஒரு பயனும் இல்லை, கை தவறினால் தொல்லை மட்டும் உண்டு.

857-உம் 706-உம் இப்போது தயாரிப்பில் இல்லை. "இனிமே கிடைக்காது" என்று சொல்லி விலை கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், கிடைக்காது என்பது விலையைக் குறைக்க வேண்டிய காரணம். நாளைக்கு ஃபைனல் போனால் பார்ட்ஸ் தேடி அலையப் போவது வாங்கியவர்தானே? முகப்பைக் கழற்றி டேஷ்போர்டில் வைக்கும் செபரேஷன் கேபிள் இல்லையென்றால் இன்னும் குறைத்துக் கேளுங்கள். அதைத் தனியாகத் தேடி வாங்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் சொல்வது வாங்காதீர்கள் என்பதற்காக இல்லை. 2004 சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் நிலையம்தான் அங்கிருந்து செய்திகளை வெளியே அனுப்பியது. மொபைல் செட் கார் பேட்டரியிலேயே ஓடும். கரண்ட் போன ஊரில் அதன் அருமை தெரியும். அந்த நேரத்தில் 7 வாட் செட் கையில் இருக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

அப்புறம் பேப்பர். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பதே இங்கே குற்றம். அதனால் கால்சைன் (லைசென்ஸோடு கிடைக்கும் அழைப்புக்குறி) வரும் முன்பே "சும்மா வாங்கி வைப்போம்" என்பது வேண்டாம். இருவரின் கால்சைன், செட்டின் சீரியல் நம்பர், தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைப் பக்கம் யாராவது செட் பார்க்கப் போவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் டம்மி லோடும் மீட்டரும் எடுத்துக்கொண்டு நானே கூட வருகிறேன். கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்களுக்காக நான் கேட்கிறேன்.