வறண்ட வெயில்தானே!

"ஃபீனிக்ஸா? அங்கே வறண்ட வெயில்தானே, வியர்க்காதே!" அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ்தான் என் ஊர். வேலையாக எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சு. போன வாரம் சியாட்டிலிலும் கேட்டேன். காது புளித்துவிட்டது.

ஊர் திரும்பி, மூன்று நாள் வெயிலில் கிடந்த காரைத் திறந்தேன். சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு முழங்கையில் பட்டதுதான் தாமதம், தீப்பெட்டி அளவுக்குத் தோல் சிவந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் துண்டு சுற்றித்தான் பிடித்தேன். வீட்டில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது! சனிக்கிழமை நிம்மதியாக நடக்கலாமென்றால் விடியற்காலை ஐந்துக்கே எழ வேண்டும். அதற்குப் பிறகு நாயைத் தார் ரோட்டில் இறக்க முடியுமா? பாதம் வெந்துவிடாதா?

வியர்க்காதாம்! வியர்க்கிறது ஐயா. வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. அதனால்தான் உடம்பில் நீர் வற்றுவதே தெரியாமல் ஆட்கள் சுருண்டு விழுகிறார்கள். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். அந்த வருடம் ஃபீனிக்ஸ் இருக்கும் இந்த மாரிக்கோப்பா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும் வெயிலுக்குப் பலியானவர்கள் 600-க்கும் மேல். அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று சொல்வீர்களா, வறண்ட வெயில்தானே என்று?