எந்த நிமிஷம்னு சொல்லுடா மாப்ள!

ஆல்பம் 71 நிமிஷம். வெளிவந்து அரை மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள ஒருத்தன் "சப்புனு இருக்கு மாப்ள"ங்கிறான். இன்னொருத்தன் "இதை அடிச்சுக்க இனி ஒருத்தன் பொறந்துதான் வரணும்"ங்கிறான். ஏன்டா, அரை மணி நேரத்துல 71 நிமிஷத்தை எப்படிடா கேட்டீங்க? கரைச்சுக் குடிச்சீங்களா?

ட்ரீம் தியேட்டர்ங்கிற அமெரிக்க ராக் பேண்டோட 'பாராசோம்னியா'வைத்தான் சொல்றேன். 2025 பிப்ரவரி 7-ல வந்துச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல. காளவாசல் பக்கம் டீக்கடையில நாங்க நாலஞ்சு பேர் கூடுனா போதும், முதல் டீ வர்றதுக்குள்ள ஏழரையைக் கூட்டிருவாய்ங்க. மதுரையில ப்ராக்ரெசிவ் ராக், அதான் பாட்டை நீட்டித் தாளத்தை மாத்தி மாத்தி வாசிக்கிற ராக், கேக்குறவனை விரல் விட்டு எண்ணிரலாம். அந்த விரலுக்குள்ளயே ரெண்டு கட்சி, மூணு கோஷ்டி. வெளியில யார்கிட்டயாவது பேண்டு பேரைச் சொன்னா "எந்தத் தியேட்டரு, தங்கமா?"ன்னு கேப்பாய்ங்க. அதை இடிச்சே வருஷக்கணக்காச்சுண்ணே. இந்த லட்சணத்துல, கேக்குற நாலு பேராவது ஒழுங்கா கேக்க வேணாமா?

விஷயம் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. 1985-ல பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியில படிச்சுக்கிட்டு இருந்த மூணு பசங்க ஆரம்பிச்ச பேண்டு இது. கிடாருக்கு ஜான் பெட்ரூச்சி, பேஸுக்கு ஜான் மயுங், டிரம்ஸுக்கு மைக் போர்ட்னாய். இதுல போர்ட்னாய் 2010 செப்டம்பர்ல விலகிட்டாரு. அவரு இடத்துக்கு மைக் மாஞ்சினி வந்தாரு. 2023 அக்டோபர்ல போர்ட்னாய் திரும்பி வந்துட்டாரு. 2009-க்கு அப்புறம் இந்தப் பேண்டுக்கு அவரு வாசிச்ச முதல் ஸ்டுடியோ ஆல்பம்தான் இது. அதான் இம்புட்டு ஆர்ப்பாட்டம், இம்புட்டு எதிர்பார்ப்பு. எதிர்பார்த்தது தப்பில்ல. நானும் எதிர்பார்த்தேன்.

என் வயித்தெரிச்சல் வேற. எங்க செட்டுல ஒரு மாப்ள இருக்கான். போன மாசம் "பழைய ட்ரீம் தியேட்டர் மாதிரி இல்லைடா"ன்னு மூக்கால அழுதான். இந்த மாசம் அதே வாய், அதே பெஞ்சு, "பழசையே திருப்பித் திருப்பி அடிச்சிருக்காய்ங்கடா, புதுசா என்ன இருக்கு?"ங்குது. ரெண்டுல எதுடா? ரெண்டும்னா, எந்தப் பாட்டுல பழசு, எந்தப் பாட்டுல புதுசு? கேட்டா பதில் கிடையாது. "அது ஒரு ஃபீல் மாப்ள. ஃபீல் மிஸ்ஸிங்."

ஃபீல்! இந்த ஒத்த வார்த்தையை வச்சுக்கிட்டு இவிங்க பண்ற சலம்பல் இருக்கே. இதே ஆளு ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டாக் கடையில உக்காந்து சால்னாவை ஒரு வாய் வச்சதும், "இன்னைக்கு மாஸ்டர் மாறிட்டாருடா, சோம்பு தூக்கலா இருக்கு, தேங்காயைச் சரியா அரைக்கல, அடுப்புல இன்னும் அஞ்சு நிமிஷம் கிடந்திருக்கணும்"னு புட்டுப் புட்டு வைப்பான். உள்ள எட்டிப் பார்த்தா நிஜமாவே மாஸ்டர் மாறியிருப்பாரு. அம்புட்டு கூர்மையான ஆளு. ஆனா ஆல்பம்னு வந்துட்டா மட்டும் நாக்கும் காதும் சேந்து செத்துப்போகுது.

குத்தம் சொல்லக் கூடாதுன்னு சொல்லவே இல்ல. மதுரைக்காரனைப் போய் அப்படிச் சொல்ல முடியுமா? நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமேன்னு நின்ன நக்கீரர் ஊருய்யா இது. ஆனா ஒண்ணைக் கவனிங்க. தருமி கொண்டாந்த பாட்டு மொத்தமே அஞ்சு அடி. அந்த அஞ்சையும் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, கூந்தலுக்கு இயற்கையில மணம் ஏதுன்னு, எங்க இடிக்குதோ அந்த இடத்துல கையை வச்சாரு மனுஷன். முதல் அடியோட "தும்பி மேட்டரெல்லாம் பழசுய்யா"ன்னு எந்திரிச்சுப் போகல.

இவிங்க கேக்குற அழகைச் சொல்லவா? போன் ஸ்பீக்கர். அதுவும் டீக்கடையில, பக்கத்துல ஆரப்பாளையம் போற பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒருத்தன் ஹெல்மெட்டுக்குள்ள ஒத்தைக் காதுல மாட்டிக்கிட்டுக் கோரிப்பாளையம் சிக்னல்ல நிக்கிறப்பக் கேட்டானாம். இன்னொருத்தன் வரிசையை மாத்தி, கலைச்சுப் போட்டுக் கேட்டிருக்கான். அடப்பாவி! இது முழுக்கத் தூக்கக் கோளாறு பத்துன ஆல்பம். பாட்டே இல்லாத வாத்தியத் தொடக்கத்துல படுக்கப் போட்டு, ஒவ்வொரு பாட்டா நடுராத்திரிக்குள்ள கூட்டிட்டுப் போய், முதல்ல வந்த மெட்டைப் பின்னால திரும்பக் காட்டுவாய்ங்க. எட்டு டிராக்குல கடைசி மட்டுமே பத்தொன்பதரை நிமிஷம். அசையவும் முடியாம, கத்தவும் முடியாம கிடக்கிறப்ப ஒரு கரிய உருவம் பக்கத்துல வந்து நிக்குமாம். நம்ம ஊரு அமுக்குவான் பேய்தான், வேற யாரு? இதைக் கலைச்சுப் போட்டுக் கேட்டா என்ன விளங்கும்? தூங்கா நகரத்துல இருந்துக்கிட்டு, தூக்கத்தைப் பத்தி ஒருத்தன் 71 நிமிஷம் மெனக்கெட்டு எடுத்து வச்சா, அதை உக்காந்து கேக்க நம்மகிட்ட ஒரு ராத்திரி இல்லையாம்.

மாஞ்சினி கதைக்கு வருவோம். இதைச் சொல்லாட்டி எனக்கு ராத்திரி சோறு இறங்காது. அந்த மனுஷன் அஞ்சு ஸ்டுடியோ ஆல்பம் வாசிச்சாரு. அவரு இருந்த காலம் பூரா இவிங்க பாடுன ஒரே பல்லவி: "மெஷின் மாதிரி வாசிக்கிறாருடா, உசுரு இல்ல, போர்ட்னாய் வந்தாத்தான் விடிவு." அந்தப் பேண்டுக்குக் கிராமி விருது கெடைச்சதே மாஞ்சினி வாசிச்ச பாட்டுக்குத்தான், 2022-ல. அப்பவும் வாயைத் திறந்து ஒருத்தன் பாராட்டல. இப்ப போர்ட்னாய் வந்தாச்சு. விடிஞ்சிருச்சா? இல்ல. "இந்த இடத்துல மாஞ்சினி இருந்திருந்தா அடி சுத்தமா விழுந்திருக்கும்"னு இப்ப ஆரம்பிச்சிருக்காய்ங்க. அட, அந்தாளு உள்ள இருந்தப்ப இதைச் சொல்லியிருந்தா என்ன? ஒருத்தன் வீட்டை விட்டுப் போன பெறகுதான் அவன் அருமை தெரியணும்னு ஏதாவது நேர்த்திக்கடனா?

2016-ல வந்த 'தி அஸ்டானிஷிங்'குக்கும் இதே கதிதான். ரெண்டு சிடி, 34 டிராக், ரெண்டு மணி நேரத்துக்கும் மேல. அன்னைக்கு "நாடகம் போடுறாய்ங்க, ராக் எங்கடா?"ன்னு காறித் துப்புனவய்ங்க, இப்ப "அதுல ஒரு கதை இருந்துச்சுல்ல, இதுல என்ன இருக்கு"ன்னு பெருமூச்சு விடுறாய்ங்க. நான் அன்னைக்கே சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்: அதுல பாதியை வெட்டியிருந்தா நல்ல ஆல்பம்.

பாடுறவரு ஜேம்ஸ் லப்ரீ பாவம், எந்தக் கட்சிக்கும் ஆகாத ஆளு. 1963-ல பொறந்தவரு. இந்த ஆல்பம் வந்தப்ப 61 வயசு. 1994 கடைசியில கியூபாவுல சாப்பாடு ஒத்துக்காம எடுத்த வாந்தியில தொண்டையில குரல் நாணே கிழிஞ்சு, அதுக்கப்புறமும் முப்பது வருஷமா பாடிக்கிட்டு இருக்காரு. இங்கிட்டு ஒருத்தன் 1992 ஆல்பத்துல அவரு தொட்ட உச்ச ஸ்தாயியை போன்ல போட்டுக் காட்டி, "இது எங்க, அது எங்க?"ங்கிறான். நம்ம ஊருல அந்த வயசுக்கு அறுபதாம் கல்யாணம் முடிச்சுட்டு, மூட்டுவலித் தைலத்தோட திண்ணையில உக்காந்திருப்பாய்ங்கடா. இதுல அவரு கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, அளந்து பாடியிருக்காரு. அது நல்லா வந்திருக்கா இல்லையான்னு பேசுவோம். 1992 மாதிரி ஏன் இல்லைன்னு கேட்டா, நீ ஏன் 1992 மாதிரி இல்லைன்னு நான் உன்கிட்ட கேக்கட்டுமா?

ரசிகன் ரெண்டாப் பிரியறது ஒண்ணும் இன்னைக்கு நேத்து வந்த நோய் இல்ல. 1973-ல 'யெஸ்'ங்கிற இங்கிலாந்து பேண்டு ஒரு இரட்டை ஆல்பம் போட்டாய்ங்க. நாலு பக்கம், நாலே பாட்டு. ஜவ்வா இழுக்குறாய்ங்கன்னு அப்பவே பாதிப் பேரு வைதாய்ங்க. கீபோர்டு வாசிச்ச ரிக் வேக்மேனுக்கே அது பிடிக்கல. மான்செஸ்டர் கச்சேரியில மேடையில உக்காந்தே கறி சாப்பிட்டேன்னு அவரே பல தடவை சொல்லியிருக்காரு. அடுத்த வருஷம் கிளம்பியும் போயிட்டாரு. அவருக்கு அந்த உரிமை இருக்கு. ஒவ்வொரு சுரத்தையும் வாசிச்ச கை அது. ஒம்போது நிமிஷப் பாட்டுல ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு "ஸ்கிப்" அடிச்ச நீ எதுக்குடா மேடையில கறி திங்குற?

எங்க தெருவுல தவில் வாசிக்கிற அண்ணன் ஒருத்தரு இருக்காரு. கல்யாண முகூர்த்தம் இல்லாத நாளு ஒண்ணுல அவருக்குக் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டுனேன். ஹெட்போனை மாட்டுனவரு, வலது கை விரலைத் தொடையில போட்டு எண்ணிக்கிட்டே பத்தொன்பதரை நிமிஷமும் கேட்டாரு. நடுவுல டீ ஆறிப்போச்சு, தொடல. கழட்டி வச்சுட்டு, "தாளத்தை அங்கங்க மாத்துறாய்ங்க, மாத்துற இடம் உறுத்தவே இல்லப்பா, அது பெரிய வித்தை. ஆனா கோர்வை முடிஞ்சு அறுதி விழுந்தாச்சு, நிறுத்திட்டுக் கும்பிடு போட வேண்டியதுதான? மறுபடியும் ஆரம்பிக்கிறாய்ங்க. பாடுறவரு ஓரமா நிக்கிறாரு, பாவம்"னாரு. இதுக்குப் பேரு விமர்சனம்! அந்தண்ணனுக்கு ட்ரீம் தியேட்டர்னா என்னன்னே தெரியாது. அவரு கேட்டாரு. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

எனக்கும் இந்த ஆல்பத்துல குறை இருக்கு, மறைக்கல. போர்ட்னாய் எழுதுன பாட்டுல தன் பழைய பாட்டு வரிகளையே அங்கங்க தூவி வச்சிருக்கிறது, பழைய ரசிகனைக் கிச்சுகிச்சு மூட்டுற வேலை. எனக்குச் சிரிப்பு வரல. மயுங்கோட பேஸ் வழக்கம்போல கிடாருக்கு அடியில போய் மாட்டிக்கிச்சு. தேடித்தான் எடுக்கணும். டிரம்ஸைக் கொஞ்சம் முன்னால தள்ளி வச்சிருக்காய்ங்க, தலைவரு திரும்பி வந்துட்டாருல்ல, அதுக்கு மாலை மரியாதை போல. ஆனா ஏழாவது டிராக்குல, அந்த மெதுவான பாட்டுல, கடைசி ரெண்டு நிமிஷம் பெட்ரூச்சி கிடாரு அவசரமே இல்லாம பாடும். அதுக்கு மட்டும் மொத்தக் காசையும் குடுக்கலாம்.

அந்த ரெண்டு நிமிஷத்தைப் பத்தித்தான் அன்னைக்கு டீக்கடையில ஒரு தம்பி பேசுனான். பாலிடெக்னிக்ல படிக்கிற பையன். மாப்ள ஒருத்தனோட பக்கத்து வீட்டுக்காரன். அவன் கேட்ட முதல் ட்ரீம் தியேட்டர் ஆல்பமே இதுதான். "அண்ணே, ஏழாவது பாட்டு முடியிற இடத்துல அந்த கிடாரு அப்படியே தேஞ்சு தேஞ்சு போகுதுல்லண்ணே, அதை நாலஞ்சு தடவை போட்டுக் கேட்டேன்"னான். கண்ணு ரெண்டும் பளபளன்னு இருந்துச்சு. எங்க செட்டுல இத்தனை மாசத்துல இந்த இடம்னு ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டுன முதல் ஆளு அவன்தான். அதுக்கு நம்ம மூத்த ரசிகர் சங்கம் என்ன சொல்லுச்சு தெரியுமா? "தம்பி, நீ எந்த வருஷத்துலருந்து கேக்குற? முதல்ல போய் 99 ஆல்பத்தைக் கேளு. அதுக்கப்புறம் 92. அப்புறமா வந்து பேசு." நுழைவுத் தேர்வு வைக்கிறாய்ங்க! பையன் டீ காசை வச்சுட்டுக் கிளம்பிட்டான். மறுவாரம் வரல.

பத்து பேரு சேந்தாத்தான் இந்த ஊருல ஒரு கச்சேரி பத்தியே யோசிக்க முடியும். வர்ற ஒருத்தனையும் விரட்டி விட்டுட்டு "மதுரையில யாருமே நல்ல பாட்டு கேக்க மாட்டேங்கிறாய்ங்க"ன்னு அடுத்த டீக்குப் புலம்பல் வேற. 2009-ல ஓபெத்ங்கிற ஸ்வீடன் மெட்டல் பேண்டு சென்னை ஐஐடிக்கு வந்தப்ப, மதுரையிலருந்து ரயிலேறிப் போறதுக்குத் துணைக்கு ஒரு ஆளு கெடைக்கல எனக்கு. இப்ப அதே ஓபெத்து, 2008-க்கு அப்புறம் உறுமல் குரலை விட்டுட்டு, 2024 ஆல்பத்துல மறுபடி உறுமுனதும், "உறுமல் வந்துருச்சு, ஆனா அந்த உறுமல் இல்ல"ன்னு தீர்ப்பு எழுதுறவய்ங்க அன்னைக்கு எங்கிட்டு இருந்தாய்ங்களோ.

சரி, நான் வைதது போதும். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மொட்டை மாடியில பெரிய ஸ்பீக்கர் வைக்கிறேன். கீழ் வீட்டு அத்தைகிட்டச் சொல்லியாச்சு. சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டா எட்டே காலுக்குள்ள முடிஞ்சிரும், போலீஸ் தொந்தரவும் இல்ல. போனை எல்லாம் அண்டாவுல போட்டுறணும். நடுவுல வாயைத் திறக்குறவன் அன்னைக்கு அத்தனை பேரு பரோட்டாவுக்கும் காசு குடுக்கணும். ஃபீல்ங்கிற வார்த்தையைச் சொன்னா ஆம்லெட்டும் சேத்து. தவில் அண்ணன் வர்றேன்னுருக்காரு. அந்த பாலிடெக்னிக் தம்பியை யாராவது தேடிப்பிடிச்சுக் கூட்டிட்டு வாங்கடா.