தினமும் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள்

வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு நாம் மனதாரக் கொடுக்கும் வாக்கு ஒன்று உண்டு. "தினமும் பேசுறேன், கவலைப்படாதீங்க." இனிமேல் அதைக் கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டின் மேல் அக்கறை இருக்கிறவர்கள்தான் இதை முதலில் நிறுத்த வேண்டும்.

போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் புது ஊர், புது முகம், ரயிலைப் பிடிக்கும் அவசரம். வீட்டில் இருப்பவருக்கு அன்றைய நாளில் எதிர்பார்க்க இருப்பது அந்த ஒரு அழைப்புதான். மூன்று நாள் சரியாகப் பேசிவிட்டு நான்காம் நாள் மலைப்பாதையில் சிக்னல் இல்லாமல் போனால் நமக்கு அது ஒன்றுமே இல்லை. அங்கே அம்மா தூங்கியிருக்க மாட்டார்.

முன்பெல்லாம் கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தொலைபேசிக் கேபிள் போட்டதே 1956-இல்தான். அதுவரை கடல் தாண்டிப் போனவர் மௌனமாக இருப்பது இயல்பு. ஸ்கைப் 2003-இல் வந்தது, வாட்ஸ்அப்பில் வீடியோ கால் 2016-இல் வந்தது. அப்புறம் மௌனம் என்றாலே ஏதோ விபரீதம் என்று ஆகிவிட்டது. அதிலும் அனுப்பிய செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்று வாட்ஸ்அப் காட்டும் அந்த ஒற்றை டிக் படுத்தும் பாடு இருக்கிறதே! பெரும்பாலும் போன் அணைந்திருக்கும், இல்லையென்றால் டேட்டா இருக்காது. இதை வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தினமும் என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள். "செவ்வாயும் சனியும் இரவு எட்டு மணிக்குப் பேசுவேன். நடுவில் சத்தம் இல்லையென்றால் நன்றாக இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் நான் பேசாமல் மறுநாள் மதியமும் தாண்டிவிட்டால் இந்த விடுதி எண்ணுக்குப் போடுங்கள், அங்கும் கிடைக்காவிட்டால் கூட வருகிற இவருக்கு." எப்போது பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மற்ற நேரங்களில் பயப்படாமல் இருக்க முடிகிறது. நான் பார்த்தவரை இதைப்போல் நிம்மதி தருவது வேறொன்றும் இல்லை.

அந்த எட்டு மணி வீட்டுக் கடிகாரத்தின் எட்டு மணியாக இருக்கட்டும். நேரக் கணக்குப் போடும் வேலை ஊர் சுற்றுகிறவருடையது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் அதை மார்ச் இரண்டாம் ஞாயிறே செய்துவிடுவார்கள். வீட்டுப் பக்கம் இந்தப் பழக்கம் இல்லையென்றால் ஒரே இரவில் கணக்கு மாறிவிடும்.

போகிற நாட்டில் எது வேலை செய்யும் என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், ஆனால் அழைப்பு பொதுவாகப் போகாது. அங்கே அனுமதி பெற்ற செயலிகள் தனியாக இருக்கின்றன. சீனாவில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், கூகுள் எல்லாமே தடை. ஆனால் சொந்த நாட்டு சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் டேட்டா நம் நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றிப் போவதால் பெரும்பாலும் இவை திறக்கும். விடுதி வைஃபையை மட்டும் நம்பிப் போனால்தான் திண்டாட்டம்.

சிம் பற்றிக் கேட்பவர்களுக்கு என் ஏற்பாடு இது. வீட்டு சிம் போனிலேயே இருக்கட்டும், வங்கி ஓடிபி அதில்தான் வரும். அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு, இணையத்துக்கு ஒரு இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம். பயணிகளுக்கு விற்கும் இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை, எண் இருக்காது. போன் ஒரே நிறுவனத்துக்கு லாக் ஆகியிருந்தால் ஏறவே ஏறாது. எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வீட்டார் பழைய எண்ணிலேயே பிடிக்கட்டும். நாட்டுக் குறியீட்டோடு இரண்டு எண்களைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். போன் தொலைந்த அன்று ஒரு எண்ணும் நினைவுக்கு வராது.

நாம் போகிற இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வீட்டாருக்குக் காட்டிக்கொண்டே இருக்கும் லைவ் லொகேஷனைப் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறவர்கள் உண்டு. தனியாக இரவு டாக்ஸியில் போகும்போது அது அவசியம். நாள் முழுக்க வேண்டாம். சுரங்க ரயிலில் அந்தப் புள்ளி ஒரே இடத்தில் நின்றுவிட்டால், வெறும் மௌனத்தைவிட அதிகமாகப் பதற வைக்கும்.

பேசாத நாட்களில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். வீட்டில் இருப்பவர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வீடியோ காலில் கோபுரத்தையும் அருவியையும் காட்டிக்கொண்டே இருக்காதீர்கள். அங்கே என்ன நடந்தது, முட்டி வலி எப்படி இருக்கிறது, யார் வந்து போனார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். பயணத்தில் இருப்பவரைக் கலங்கடிக்க வேண்டாம் என்று வீட்டில் கெட்ட செய்தியை மறைப்பார்கள். நான் வெளியில் இருந்தபோது அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், ஊர் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரியும். தினமும் சிரித்த முகத்தோடு என்னிடம் பேசியிருக்கிறார்கள். அன்புதான், புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொன்னால் நம்புவதற்கு எனக்கு நெடுநாள் ஆனது. இப்போதெல்லாம் கிளம்பும் முன் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். மருத்துவமனை என்றால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், திரும்பி வருவதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. எனக்கு அங்கே ஏதாவது ஆனாலும் அன்றைக்கே சொல்வேன் என்று நானும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மா அதைக் கேட்காமல் விடவில்லை.