பகலில் ஜன்னல் திறந்தால் வீடு குளிருமா?

கோடையில் பகல் முழுக்க எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தால் வீடு குளிர்ந்துவிடும் என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்வதால் சொல்கிறேன்: நம் ஈரோடு, கரூர்ப் பக்கத்து வறண்ட வெயிலுக்கு அது சரிவராதுங்க.

கரூர் பரமத்தியில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த மத்தியான நேரத்தில் வெளிக்காற்றை விட வீட்டுக்குள் இருக்கும் காற்று பெரும்பாலும் குளிர்ச்சியாகவே இருக்கும். திறந்தால் அனல்தான் உள்ளே வரும். சுவரும் தரையும் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி நம் மேல் விடும். காற்று மேலே படும்போது வியர்வை காய்ந்து சுகமாகத் தெரியும், அது வேறு. வீடு குளிர்வதில்லை. வெயில் இறங்கி வெளியே குளிர்ந்த பிறகு திறந்து, காலையில் வெயில் ஏறுமுன் மூடினால்தான் ராத்திரிக் குளிர்ச்சி சுவரில் தங்கும். எங்கள் அப்பத்தா காலை பத்து மணிக்கே கதவைச் சாத்துவார், நாங்கள்தான் புழுக்கம் என்று திறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றை வீட்டுக்குள்ளும் இன்னொன்றை வெளியே வெயில் படாத நிழலிலும் மாட்டுங்கள். ஒரு நாள் ஜன்னலை மூடியும் மறுநாள் திறந்தும் வைத்து, மதியம் இரண்டு மணிக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் விடிகாலை ஐந்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பது உள்ளே இருப்பதை விடக் குறைவாகக் காட்டும் நேரம்தான் திறக்க வேண்டிய நேரம்.